அவள் என்னைத்தான் பார்த்தாள்

"நிழலி என்னைத்தான் பார்த்தா" என்று முதலில் சொன்னவர் அண்ணாநகரில் பல் டாக்டராக இருக்கும் முரளிதரன். ஐம்பது வயது, வழுக்கை, மடிப்புக் கலையாத சட்டை. அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. எனக்கும் கொஞ்சம் நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அடுத்து வந்த வங்கி மேலாளரும் அதையே சொன்னார். அதற்கடுத்து வந்த இரண்டு தோழிகள், தனித்தனி அறையில் உட்கார்ந்து, தனித்தனியாக அதையே சொன்னார்கள். பத்துப் பேரைத் தாண்டியபோது நெகிழ்ச்சி போய் எரிச்சல் வந்துவிட்டது. ஒரு பாடகிக்கு இருப்பது இரண்டு கண். இத்தனை பேரை ஒரே நேரத்தில் எப்படிப் பார்ப்பாள்?

என் பெயர் தமயந்தி. 'மீள்' என்ற நிறுவனத்தில் நினைவு தைக்கிறேன். யாரும் படம் பிடிக்காமல் விட்டுப்போன பழைய கச்சேரி, பழைய ஆட்டம், பழைய நாடகம் எதுவானாலும், அன்றைக்கு அங்கே இருந்தவர்களின் தலையிலிருந்து அதை எடுத்து, ஒன்றோடு ஒன்று வைத்து ஒட்டி, முழுசாக ஒரு நிகழ்ச்சியாக்கித் தருவோம். தலையில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் நீங்களும் அங்கே இருப்பீர்கள். பக்கத்து ஆளின் வியர்வை நாற்றம்கூட வரும். சிலர் அதற்காகவே வாங்குகிறார்கள்.

இந்த முறை கையில் இருந்தது 'அந்திமம்' என்ற குழுவின் கடைசிக் கச்சேரி. கோதிக் ராக் என்று அதற்குப் பெயர். கறுப்பு உடை, கண்ணைச் சுற்றிக் கரி அப்பிய மாதிரி மை, அடிவயிற்றில் இடிக்கிற பேஸ் கிடார், பாட்டு முழுக்கச் சாவும் பிரிவும் இருட்டும். குளிர் நாடுகளில் பிறந்த சங்கீதம். அதைக் கொண்டுவந்து பெரம்பூரில், மே மாதத்தில், மின்விசிறி பாதி ஓடாத ஒரு பழைய கிளப் ஹாலில் வைத்திருக்கிறார்கள். ரசிகர்கள் ரெக்சின் ஜாக்கெட் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்கு வந்த நினைவுகள் எல்லாவற்றிலும் மை கன்னத்தில் வழிந்துகொண்டிருக்கிறது. அழுகையா வியர்வையா என்று பிரிக்கவே முடியவில்லை.

குழுவின் பாடகிதான் நிழலி. அவள் கச்சேரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாசலிலேயே எல்லோருடைய செல்போனையும் வாங்கி அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிவிடுவார்கள். முடிந்ததும் சாக்கைக் கவிழ்த்துப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அதனால் ஒரு படம், ஒரு துண்டு ஒலி கிடையாது. ஆல்பமும் போடவில்லை. இருபத்தைந்து வருடமாக அந்தக் குழு அதன் ரசிகர்களின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அந்தத் தலைகளும் நரைக்க ஆரம்பித்துவிட்டன.

கடைசிப் பாட்டின் நடுவே எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். கீழேயிருந்து ஒரே ஒரு வெள்ளை விளக்கு நிழலியின் முகத்தில் விழும். அவள் கண் இமைக்காமல் ஒரே இடத்தைப் பார்ப்பாள். பிறகு கடைசி வரி: 'போகிறவர் போகட்டும், நீ இரு.' வழக்கமாக நாலைந்து மூச்சு நேரம்தான். அந்தக் கடைசிக் கச்சேரியில் மட்டும் பார்வை நீண்டுகொண்டே போனது. பாட்டு மறந்துவிட்டதோ என்று கூட்டம் பயந்துபோகும் அளவுக்கு நீண்டது. அதற்கப்புறம் அவள் மேடையே ஏறவில்லை. ரசிகர்கள் இன்றைக்கும் அதை 'அந்தப் பார்வை' என்றுதான் சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் அது தனக்கு விழுந்தது என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நினைவு கொடுத்தவர்கள் முப்பத்தொரு பேர். முப்பது பேர் மேடையை ஒட்டி நெருக்கியடித்து நின்றவர்கள். மிச்சம் ஒருவர்தான் செல்வின்.

செல்வின் ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், நடுவயதுக்காரர். நினைவு கொடுத்துவிட்டுப் போய் ஒரு வாரம் கழித்து, கூப்பிடாமலே வந்து நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. என் அறையில் மூன்று எட்டு வைத்தால் சுவர். அதற்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அங்க பின் கதவுகிட்ட ஒரு வயர் கால்ல தடுக்குச்சு. தடி வயர். அது கறுப்பா, ஆரஞ்சா?"

"எதுக்கு சார் கேக்குறீங்க?"

"ஆரஞ்சுன்னு எனக்கு நல்லாத் தெரியும். நேத்துலருந்து கறுப்பாத் தெரியுது. இன்னைக்குக் காலைல வயரே இல்ல."

எனக்குப் புரிந்துவிட்டது. இதைச் சொல்வது என் வேலையிலேயே பிடிக்காத பகுதி. நினைவு கொடுக்க வருகிறவர்களிடம் முதல் நாளே மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவோம். யாரும் காதில் வாங்குவதில்லை. பழைய கச்சேரியைத் திரும்பப் பார்க்கப்போகிற அவசரத்தில் எல்லோரும் சரி சரி என்பார்கள்.

"சார், வெளிய எடுத்த நினைவு நெகிழ்ந்துபோயிடும். பூச்சு வேலை மாதிரி வெச்சுக்குங்க, ஈரமா இருக்கும். நாங்க தைச்சு முடிச்சதும் அந்த முழுக் கச்சேரியையே உங்க தலைல வெச்சு முத்திரை போட்டுடுவோம். அப்புறம் கெட்டியாயிடும். அதுவரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா உதிரும்."

"முழுக் கச்சேரின்னா? என்னுதுதானே வெப்பீங்க?"

"எல்லாரோடதும் சேர்ந்தது. ரெண்டு பேராவது ஒரே மாதிரி பார்த்திருந்தாத்தான் அது தையல்ல நிக்கும். ஒருத்தர் மட்டும் பார்த்ததை மிஷின் கழிச்சுடும். கனவா இருக்கலாம், கற்பனையா இருக்கலாம்னு."

"அப்போ நான் பார்த்தது?"

நான் திரையைப் பார்த்தேன். அவருடைய நினைவு முழுவதும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கழிவு.

"நீங்க ரொம்பப் பின்னாடி நின்னீங்க சார். அங்க வேற யாருமே இல்ல."

அவர் நடப்பதை நிறுத்தினார். அப்புறம்தான் உட்கார்ந்தார். சம்பளப் பிடித்தம் பற்றிப் பேசுகிற குரலில் சொல்ல ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நான் பாதிலயே கிளம்பிட்டேன் மேடம். வீட்டுக்கு இல்ல. எல்லாத்தையும் முடிச்சுக்கலாம்னு. ரொம்ப நாளா ஓடிட்டிருந்த யோசனை. கடைசியா ஒரு கச்சேரி பாத்துட்டுப் போயிடலாம்னுதான் வந்ததே. பின் கதவுல கை வெச்சுட்டேன். அப்போ பாட்டு நின்னுபோச்சு. என்னடா சத்தமே காணோம்னு திரும்பினேன். அவங்க என்னைப் பாத்துட்டிருந்தாங்க."

"எவ்வளவு தூரம் சார் அது?"

"ஹால் முழுக்க. ஆனா நேரா என்னைத்தான். போடான்னும் இல்ல, வாடான்னும் இல்ல. சும்மா பாத்துட்டே இருந்தாங்க. ஒருத்தர் நம்மளைப் பாக்கும்போது எப்படிம்மா போறது? மரியாதையில்லாம? கையை எடுத்துட்டு உள்ள வந்தேன். பாட்டு முடிஞ்சுது. பஸ் ஏறி வீட்டுக்குப் போயிட்டேன்."

மேடம் எப்போது அம்மா ஆனது என்று நான் கவனிக்கவில்லை.

"இப்பவும் அது வேணும். எங்க வார்டுல யாராவது போயிட்டாங்கன்னா, பைக் ஸ்டாண்டுல நின்னு அந்தப் பார்வையை ஒருவாட்டி எடுத்துப் பாத்துக்குவேன். அப்புறம்தான் வண்டிய எடுப்பேன். அது போயிட்டா நான் என்ன பண்றது, சொல்லு."

தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

நிதினிடம் போனேன். நிதின் எங்கள் பிரிவுத் தலைவன். கெட்டவன் இல்லை. ஆனால் எந்தப் பிரச்சினையும் அவன் காதுக்குள் நுழையும்போதே விற்பனைப் பொருளாக மாறிவிடும்.

"தமா, கண்ணு விஷயம் முடிஞ்சுதா இல்லையா? அடுத்த வாரம் வெளியிடணும்."

"முடியல. முப்பது பேரும் என்னைத்தான் பார்த்தாங்கறாங்க. முப்பது பக்கம் பார்க்கற மூஞ்சியை எப்படித் தைக்கிறது? கண்ணு மட்டும் அலையுது, பார்க்கவே பயமா இருக்கு."

"அதுக்குத்தான் ஒரு யோசனை வெச்சிருக்கேன். யாரையும் பார்க்க வேணாம். மாட்டிக்கிட்டு உக்கார்றவன் கண்ணையே பார்க்கட்டும். வாங்குற ஒவ்வொருத்தனுக்கும் அந்தப் பார்வை. முத்திரை போடும்போது முப்பது பேருக்கும் அதுதான். எல்லாரும் சந்தோஷம்."

யோசித்துப் பார்த்தால் அது மோசமான யோசனை இல்லை. முப்பது பேரும் முன்னால் நின்றவர்கள். ஆளுக்கு ஒரு பார்வை மிஞ்சும். பல் டாக்டர் திரும்பவும் தழுதழுப்பார்.

"செல்வின்?" என்றேன்.

"அந்தக் கழிவுல வந்தவரா? அவருக்கும் முன்வரிசையே குடுத்துடலாம். பின்னாடி நின்னவருக்கு முன்னாடி இடம். லாபம்தானே?"

"அவர் கதவுகிட்ட நின்னார் நிதின். கிளம்பிட்டிருந்தார். முன்வரிசைல நின்னதா மாத்திட்டா அவர் கிளம்பவே இல்லைன்னு ஆயிடும். திரும்பி வந்ததும் இல்லைன்னு ஆயிடும்."

"அவரோடதை மட்டும் தனியா முத்திரை போட முடியாதா?"

"தனியா வெச்சா நிக்காது. உதிர்ந்துடும். போன வருஷமே பார்த்தோமே."

"அப்போ இன்னொரு சாட்சி வேணும். இருந்தா கொண்டு வா. இல்லன்னா முன்வரிசை." அவன் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டான்.

இன்னொரு சாட்சி. முப்பது பேரும் கதவுக்கு முதுகு காட்டி நின்றவர்கள். அந்த ஹாலில் கதவைப் பார்த்து நின்றது மேடையில் இருந்தவர்கள் மட்டும்தான்.

குழுவின் டிரம்மர் எபினேசர் இப்போது ஷாமியானாவும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு விடுகிறார். முதலில் போனை எடுக்கவில்லை. நேரில் போய் நின்றதும், "எங்களுக்கு வேர்வைல ஒண்ணுமே தெரியாதும்மா. அவகிட்ட கேளு. ஆனா நிழலின்னு கூப்பிடாத, கோவம் வரும்" என்று சொல்லி அம்பத்தூரில் ஒரு முகவரி கொடுத்தார்.

ரெஜினா பியூட்டி பார்லர். மாடியில் இருந்தது. படியேறும்போதே மல்லிகையும் ஹேர் ஸ்பிரேயும் கலந்த வாசனை. உள்ளே நாற்காலியில் ஒரு மணப்பெண் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். சோடாபுட்டி மாதிரித் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி, முகத்தோடு முகம் ஒட்டும் அளவுக்குக் குனிந்து, அவள் இமையில் மை இழுத்துக்கொண்டிருந்தாள். அந்த மைக்கோட்டை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். முப்பது தலைக்குள் அதைப் பார்த்திருக்கிறேன்.

வந்த காரியத்தைச் சொன்னேன். ரெஜினா கை ஆடாமல் கோட்டை முடித்தாள்.

"நான் முடியாதுன்னு சொல்லலையே. காசு வருமேன்னு எபினேசர் உங்க கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுட்டான், போட்டுக்கட்டும். எனக்கு அந்தச் சனியன் வேணாம். நீ என்ன கேக்க வந்த?"

"கடைசிக் கச்சேரில, கடைசிப் பாட்டுல, யாரைப் பார்த்தீங்க மேடம்?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், மணப்பெண் பயந்து கண்ணைத் திறந்துவிட்டாள்.

"ஏய், கண்ணை மூடு, இழுகிடும். யாரைப் பார்த்தேனா? கண்ணு, எனக்குக் கண்ணாடிப் பவர் மைனஸ் ஒன்பது. ஸ்கூல்லயே எனக்குப் புட்டின்னுதான் பேரு. கண்ணாடி இல்லன்னா முன்னாடி நிக்கறது ஆளா மூட்டையான்னு தெரியாது."

"லென்ஸ்?"

"அவனுங்க விடுற புகைல லென்ஸ் போட்டா கண்ணு அவிஞ்சிடும். கண்ணாடி போட்டுட்டு வந்தா நிழலியாவா இருப்பேன்? டியூஷன் டீச்சர் மாதிரி இருப்பேன். அதனால குருடிதான் மேடைல. கைபுடிச்சுக் கொண்டாந்து விடுவானுங்க."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. முப்பத்தொரு பேர், இருபத்தைந்து வருடம். பல் டாக்டரின் தழுதழுப்பு. செல்வினின் பைக் ஸ்டாண்டு. எல்லாம் ஒரு புட்டிக் கண்ணாடியால் வந்தது. கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாமல்.

"அப்போ எதுக்கு அப்படி வெறிச்சுப் பார்த்தீங்க? சும்மா நடிப்பா?"

ரெஜினாவின் சிரிப்பு நின்றது. தூரிகையைத் துடைத்தாள்.

"பயம்டி. மேடைன்னாலே எனக்கு அப்படித்தான். பாட்டு ஓடும்போது தெரியாது. நின்னதும் இருட்டு மேல வந்து விழற மாதிரி இருக்கும். எங்கயாவது வெளிச்சம் இருந்தா அதைப் புடிச்சுக்குவேன். அந்த ஹால்ல, பின் கதவு சரியா சாத்தாது. ஜெனரேட்டர் வயர் உள்ள வருது இல்ல, கதவு ஒருக்களிச்சே நிக்கும். வெளி வராண்டா பல்ப் வெளிச்சம் அந்தச் சந்துல ஒரு கோடு மாதிரித் தெரியும். மஞ்சக் கோடு. அதையேதான் பார்த்துட்டிருந்தேன். இது முடிஞ்சதும் அந்தக் கதவு வழியா ஓடிப்போயிடணும், இனிமே பாடவே கூடாதுன்னு நினைச்சுக்கிட்டே."

ஆரஞ்சு வயர் என் ஞாபகத்துக்கு வந்தது. செல்வின் காலில் தடுக்கிய வயர்.

"அன்னைக்கு ரொம்ப நேரம் பார்த்தீங்களாமே. ஏன்?"

"அன்னைக்குக் கோடு காணாமப் போச்சு."

"காணாமன்னா?"

"யாரோ வந்து நின்னு மறைச்சுட்டாங்க. நெட்டையா ஒரு கறுப்பு உருவம், கதவை ஒட்டி. ஒருத்தன் கிளம்பறான்னு தெரிஞ்சுது. நானே கிளம்பணும்னு நிக்கறேன், எனக்கு முன்னாடி ஒருத்தன் போறான். எப்படி இருக்கும் சொல்லு? எதுக்குன்னு தெரியல, இவன் போயிட்டா நான் கடைசி வரியைப் பாடக் கூடாதுன்னு தோணிச்சு. அவன் உள்ள வர்ற வரைக்கும் வாயைத் திறக்கல. கூட்டம் முணுமுணுக்குது, எபினேசர் குச்சியால தட்டித் தட்டிக் கூப்பிடறான். நான் அசையல. அப்புறம் கோடு திரும்ப வந்துச்சு. வந்ததும் பாடினேன். பாடிட்டு அந்தக் கதவு வழியாவே வீட்டுக்குப் போயிட்டேன்."

மணப்பெண் கண்ணை மூடிக்கொண்டே, "அந்த ஆளு யாரு ஆன்ட்டி?" என்றாள்.

"யாருக்குத் தெரியும்? எனக்கு அவன் மூஞ்சியா தெரிஞ்சுது?"

எனக்குத் தெரியும் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல்தான் தழுதழுத்தது. எனக்கு அந்தச் சங்கீதம் பிடிக்கவே பிடிக்காது.

அடுத்த நாள் செல்வினை வரவழைத்து, நிதினின் முன்வரிசை யோசனையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மைனஸ் ஒன்பதைச் சொல்லும்போது அவர் முகம் செத்துப்போனது. அவசர அவசரமாக மஞ்சள் கோட்டைச் சொன்னேன். காத்திருந்ததைச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது.

"வயர் இருந்துச்சு இல்ல?" என்றார் கடைசியில்.

"இருந்துச்சு சார். அவங்களும் சொன்னாங்க. இப்போ ஒரு நல்ல சேதி. உங்களைப் பத்திச் சொன்னப்புறம், அவங்களே வந்து நினைவு குடுக்கறேன்னுட்டாங்க. ரெண்டு சாட்சி ஆயிடுச்சு. உங்க நினைவு தையல்ல நிக்கும். நிழலி கதவைத்தான் பார்த்தாங்கன்னு பதிவாயிடும். நீங்க கதவுகிட்டயே இருப்பீங்க."

"மத்தவங்களுக்கு?"

"மத்தவங்களுக்கும் அதேதான். உண்மை ஒண்ணுதானே? அவங்க தலைக்கு மேல, பின்னாடி எங்கயோ நிழலி பார்த்தாங்கன்னு இருக்கும்."

"அவங்களை யாரும் பார்க்கல."

"பார்க்கலதானே சார்?"

அவர் மறுபடி நடக்க ஆரம்பித்தார். சுவர்வரை போவார், திரும்புவார். நானும் எழுந்துவிட்டேன், அப்படி ஒருவர் நடக்கும்போது உட்கார முடியாது.

"அந்த முப்பது பேர்ல வேற யாரு கதவுல கை வெச்சிருந்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"அவங்கெல்லாம் முன்னாடி நின்னாங்க சார்."

"முன்னாடி நின்னா? கதவு எங்க வேணா இருக்கும்மா. எங்க வார்டுல வந்து பாரு. சிரிச்சுப் பேசிட்டிருக்கறவன்தான் மறுநாள் இருக்க மாட்டான். அந்தப் பல் டாக்டர் அழுதாருன்னு சொன்னியே, எதுக்கு அழுதாருன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. என் திரையில் அதற்கு இடமே இல்லை.

"ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேக்கறேன்" என்றேன்.

"சொல்ல மாட்டாங்க. நானே இருபத்தஞ்சு வருஷமா என் பொண்டாட்டிகிட்டச் சொல்லல." அவர் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "முன்வரிசையே போட்டுடு."

"சார், வேணாம். போட்டா திரும்ப வராது. நீங்க என்கிட்ட இப்படிச் சொன்னது ஞாபகம் இருக்கும், ஆனா நடந்தது ஞாபகம் இருக்காது. வேற யாருக்கோ நடந்த கதை மாதிரி ஆயிடும்."

"பரவால்ல. இவ்வளவு நாள் அவங்க என்னைப் பாத்தாங்கன்னு நம்பினேன். பாக்கல. ஆனா காத்திருந்தாங்க. பாக்கறதை விட அது பெருசு இல்லையா? எனக்கு ஒண்ணு மட்டும் பண்ணு. அந்தம்மாகிட்ட நினைவு குடுக்க வேணாம்னு சொல்லிடு. நீங்க எடுத்தா அதுவும் ஈரமாயிடும், உதிரும். அவங்ககிட்டயே இருக்கட்டும். நான் மறந்துட்டா அவங்க சொல்லட்டும்."

அன்றைக்கு முழுவதும் அவர் மனசை மாற்றப் பார்த்தேன். நிதினிடம் சண்டை போட்டேன். தள்ளிப்போடலாம் என்றேன். தள்ளிப்போட்டால் உதிர்வதுதான் மிச்சம் என்று எனக்கே தெரிந்திருந்தது. கடைசியில் நானேதான் முத்திரை போட்டேன். வேறு யார் கையிலும் விட மனம் வரவில்லை.

செல்வின் எழுந்து உட்கார்ந்ததும் பளிச்சென்று சிரித்தார்.

"என்னா கூட்டம் மேடம்! மூச்சு முட்டிடுச்சு. நிழலி எவ்வளவு பக்கத்துல! என்னைத்தான் பார்த்தாங்க."

மறுபடி மேடம். நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

கச்சேரி வெளியாகி நன்றாக விற்றது. பல் டாக்டர் இரண்டு முறை வாங்கினார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செல்வினுக்குப் போன் செய்வேன், நன்றாக இருக்கிறேன் என்பார். பைக் ஸ்டாண்டு பற்றிக் கேட்டேன். "நின்னு பாக்கறேன் மேடம். வருது. அழகாத்தான் இருக்கு. ஆனா முன்ன மாதிரி பிடிக்க மாட்டேங்குது. ஏன்னு தெரியல" என்றார். கதவுக் கதையைத் தானே எனக்குச் சொன்னது ஞாபகம் இருக்கிறதாம். நம்பத்தான் முடியவில்லையாம். "அப்படியெல்லாம் யோசிக்கிற ஆளா நான்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த வெறுமை எனக்குப் பயமாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே வண்டியில் உட்காரவைத்து அம்பத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பார்லரில் அன்றைக்கும் ஒரு மணப்பெண் இருந்தாள். ஒரு கண்ணில் மை, இன்னொரு கண் வெறுமை. ரெஜினா எங்களைப் பார்த்ததும் தூரிகையைக் கீழே வைத்தாள். அவர் யார் என்று நான் சொன்னேன்.

"நீதானா அது?" என்றாள்.

"தெரியலைங்க" என்றார் செல்வின். கூச்சத்தில் தலையைச் சொறிந்துகொண்டார். "நான் முன்வரிசைல நின்னேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீங்க என்னைப் பார்த்தீங்க. இவங்க வேற சொல்றாங்க."

"முன்வரிசைல நின்னா எனக்கு உன்னைத் தெரியவே தெரியாது. போய் அந்தக் கதவுகிட்ட நில்லு."

"எதுக்குங்க?"

"நில்லுப்பா. கைப்பிடில கை வை. வெளிய போற மாதிரி."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போய் நின்றார். கண்ணாடிக் கதவு, அதற்குப் பின்னால் சாயங்கால வெயில். அந்த நெட்டை உடம்பு வெளிச்சத்தை அடைத்துக்கொண்டது. அறை சட்டென்று மங்கியது.

"இப்போ திரும்பு" என்றாள் ரெஜினா. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கண்ணாடி இல்லாத அந்தக் கண்களை நான் முதல்முறையாக நேரில் பார்த்தேன். முப்பத்தொரு தலைக்குள் நான் பார்த்த அதே கண்கள். அவை எதையும் பார்க்கவில்லை, ஆனால் அவரை விடவும் இல்லை.

"ஆமா" என்றாள் மெதுவாக. "இந்த உருவம்தான். இதே தோள்தான். நீ கிளம்பினடா. நான் பார்த்தேன்."

செல்வின் அவளையே பார்த்தார். கை கைப்பிடியிலேயே இருந்தது. ரெஜினா பாட ஆரம்பித்தாள். குரல் கரகரத்தது, சுருதி இறங்கியிருந்தது, மணப்பெண் ஒற்றைக் கண்ணை அகல விரித்துக்கொண்டு பார்த்தாள். கடைசி வரிக்கு முன்னால் ரெஜினா நிறுத்தினாள்.

நிறுத்தியவள் நிறுத்தியபடியே இருந்தாள். கீழே தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மணப்பெண், "ஆன்ட்டி, ரிசப்ஷனுக்கு நேரமாவுது" என்று கிசுகிசுத்தாள். ரெஜினா இமைக்கவில்லை. நான் செல்வினின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் முதலில் குழப்பம் இருந்தது, பிறகு பயம், பிறகு எனக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒன்று. அவர் கால் தன்னால் ஒருமுறை தரையைத் தேய்த்தது, அங்கே ஏதோ வயர் கிடப்பது போல.

அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். ஓர் எட்டு உள்ளே வைத்தார். வெளிச்சம் திரும்பி வந்தது.

அதற்கப்புறம்தான் அவள் பாடினாள்.

"போகிறவர் போகட்டும், நீ இரு."